ஒரே வீட்டில் மூன்று குடும்ப எண்கள்

கேட்டி, டெக்சஸ்
செப்டம்பர் 6, 2025

தம்பி இர்ஃபானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதினோரு நாளாக உன் போன் அடித்து அடித்து ஓய்கிறது. வாட்ஸப்பில் நீலக்குறி விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. நீ நல்லபடியாக இருக்கிறாய், தினமும் ஆபீஸ் போகிறாய் என்று உன் மகள் மலீஹாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆகவே ஸ்டாம்ப் ஒட்டி எழுதுகிறேன். கவரைக் கிழிக்காமல் இருக்க உன்னால் முடியாது.

எங்கள் தெரு நாகமணியை உனக்கு நினைவிருக்கும். சாத்தூர்க்காரி. நீ இங்கே வரும்போதெல்லாம் எடிசனுக்குக் கொண்டுபோகக் காரச்சேவு கட்டிக் கொடுப்பாளே, அவள்தான். அவள் வீட்டுக்காரர் கருப்பசாமி நாற்பத்தாறு வயதில் மாரடைப்பில் போனவர். இப்போது அவள் மகன் இளமாறன், முப்பத்தொரு வயது, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவன் மைதானத்திலேயே விழுந்துவிட்டான். இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். பிழைத்துவிட்டான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இல்லை என்று டாக்டரே சொன்னார்.

உன்னைக் கூப்பிட்டது அதைச் சொல்ல மட்டும் இல்லை. மே மாதம் அந்தப் பிள்ளை தானாகவே டாக்டரிடம் போயிருக்கிறான். அப்பா சின்ன வயதில் போய்விட்டார், எனக்கு இதயத்தை ஒரு ஸ்கேன் எடுங்கள் என்று கேட்டிருக்கிறான். டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டி ஒரு ஸ்கோர் பார்த்து, உனக்கு ஆபத்து குறைவு, ஸ்கேன் தேவையில்லை என்று அனுப்பிவிட்டார். ஸ்கோருக்குக் கீழே உங்கள் இன்ஸ்டிட்யூட் பெயர் இருந்ததாம். இந்தியக் குடும்பங்களில் அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருந்தாலும் பிள்ளைக்கு அதனால் பெரிதாக ஒன்றும் கூடுவதில்லை என்று நீ எழுதிய கட்டுரையை வைத்துப் போட்ட கணக்கு. எழுநூறு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள், நாடு முழுக்க கிளினிக்குகளில் உபயோகிக்கிறார்கள் என்று பெருநாள் விருந்தில் நீயே சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனாயே, அதே கட்டுரை.

ஐ.சி.யூ வாசலில் நாகமணி என்னிடம் கேட்டாள்: “போனவருக்கும் பிள்ளைக்குமா சேத்து அந்த ஃபார்ம என்னைய ஃபில் பண்ண வச்சது நீங்கதானக்கா? உங்க தம்பி ஆபீஸ்தான அது?” 2017இல் உன் ஆய்வுக்காகப் பள்ளிவாசலிலும் தமிழ்ப்பள்ளியிலும் ஒவ்வொருவராகக் கெஞ்சி இருநூற்றுப் பன்னிரண்டு படிவம் நிரப்பி உனக்கு அனுப்பினேன். நகல் எல்லாம் இன்னும் கராஜில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் போன மாதம் உங்கள் இன்ஸ்டிட்யூட் ஓர் அறிக்கை அனுப்பியது. எங்கள் ஒரே வீட்டுக்கு மூன்று கவர், மூன்றிலும் மூன்று குடும்ப எண். எனக்கு உறவினராக உன்னை மட்டும் போட்டிருக்கிறார்கள். உன் மச்சானுக்கு ஃபிரிஸ்கோவிலும் மில்பிடாஸிலும் ஆறு உறவினர்களாம், அவர்கள் யாரென்று அவருக்கே தெரியாது. அப்போது எங்களோடு இருந்த மகன் ஜாவிதுக்கு உறவினர் ஒருவரும் பதிவாகவில்லையாம். பெற்றவர்கள் இரண்டு பேரும் குத்துக்கல் மாதிரி அதே வீட்டில் இருக்கிறோம்.

இது என்ன கூத்து? உடனே பதில் எழுது.

உன் லாத்தா,
கமருன்னிசா

* * *

எடிசன், நியூ ஜெர்சி
செப்டம்பர் 15, 2025

அன்புள்ள லாத்தா,

வ அலைக்கும் ஸலாம். போன் எடுக்காததற்கு மன்னித்துவிடு. வேலை அப்படி.

இளமாறன் செய்தி கேட்டு மிகவும் வருத்தப்பட்டேன். நாகமணி அக்காவிடம் நான் விசாரித்ததாகச் சொல். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்கோர் என்பது டாக்டருக்கு ஒரு வழிகாட்டிதான். முடிவு எடுப்பது அவர். எங்கள் ஆய்வு பதினெட்டாயிரம் பேரைக் கொண்டது. அதில் ஒரு தனிமனிதருக்கு நேர்ந்ததை வைத்து மொத்தத்தையும் எடைபோட முடியாது. இதை நீ அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொன்னால் நல்லது.

அறிக்கைக் கவர்களை வேறொரு பிரிவு தயாரித்தது. அச்சிடும்போது ஏதோ குளறுபடி நடந்திருக்கும். கேட்கிறேன்.

இரண்டு வேண்டுகோள். படிவங்களின் நகல் உன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது மற்றவர்களின் மருத்துவ விவரம். வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சிக்கல். ஒரு பெட்டியில் போட்டு என் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடு, ஆபீசுக்கு வேண்டாம். அப்புறம், இந்த விஷயத்தை வாட்ஸப்பிலோ மெயிலிலோ எழுதாதே, போனிலும் பேசாதே. என்னிடம் இருப்பது ஆபீஸ் போன். தபால்தான் நல்லது.

மச்சானுக்கு ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அன்புத் தம்பி,
இர்ஃபான்

* * *

கேட்டி
செப்டம்பர் 24, 2025

இர்ஃபான்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பதினெட்டாயிரம், வழிகாட்டி, எடைபோடுவது. யாரோ ஆபீசர் கையெழுத்துப் போட்ட கடிதம் போல இருந்தது. உன் கையெழுத்தைப் பார்த்துத்தான் என் தம்பி என்று நம்பினேன்.

வெறும் அச்சுக் குளறுபடி என்றால் நகல் உனக்கு எதற்கு? அதுவும் ஆபீசுக்கு வேண்டாம், வீட்டுக்கு. போனில் பேசக்கூடாது, மெயிலில் எழுதக்கூடாது. எட்டு வருடமாகக் கராஜில் கிடந்தபோது வராத சட்டம் இப்போது எங்கிருந்து வந்தது? அனுப்ப மாட்டேன். கராஜிலிருந்து எடுத்து என் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

உன் மச்சானும் நானும் சாப்பாட்டு மேஜையில் படிவங்களைப் பரப்பினோம். தெரிந்த வீடுகளுக்குப் போய் அவர்களுக்கு வந்த அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஒன்பது வீடு. ஒன்பதிலும் அப்பாவுக்கு ஒரு குடும்ப எண், பிள்ளைக்கு வேறு எண். நாகமணி வீட்டிலும் அப்படியேதான். கருப்பசாமியும் இளமாறனும் உங்கள் கணக்கில் அந்நியர்கள்.

ஏனென்று கண்டுபிடிக்க எனக்குப் பிஎச்.டி தேவைப்படவில்லை. கடைசிப் பெயரை வைத்து நீங்கள் குடும்பம் பிரித்திருக்கிறீர்கள். நம்மில் யாருக்கு, இர்ஃபான், குடும்பப் பெயர் இருக்கிறது? விசாவுக்காக அவரவர் வாப்பா பெயரைக் கடைசியில் ஒட்டிக்கொண்டு விமானம் ஏறினோம். நம் வாப்பா ஷேக் தாவூது, அதனால் நீயும் நானும் தாவூது. மச்சான் மீரான் மைதீன் தன் வாப்பா பெயரால் காதர். ஜாவித் தன் வாப்பா பெயரால் மீரான் மைதீன். அந்த ஆறு பேரும் வேறு ஊர்க் காதர்கள். அவர்களை மச்சானுக்குச் சொந்தமாக்கி, பெற்ற பிள்ளையைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். மாரடைப்பு வந்த அப்பா ஒரு குடும்பம், பிள்ளை வேறு குடும்பம் என்றால் அப்பாவின் நோயால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றுதானே கணக்கு வரும்?

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அப்பா யார், பிள்ளை யார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நான்தான் எழுதினேன். அந்தப் பக்கம் எங்கே போனது?

ஒரு அமெரிக்கன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாவம், தெரியாது என்று விட்டிருப்பேன். ஏர்போர்ட்டில் உனக்கும் மலீஹாவுக்கும் கடைசிப் பெயர் வேறு என்று உங்களை நிறுத்தி வைத்து, இவள் உன் மகள்தானா என்று கேட்டதை மறந்துவிட்டாயா? அன்றைக்கு நீ குதித்த குதி எனக்கு நினைவிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். இது உனக்கு எப்போது தெரியும்?

மச்சானுக்கு நாற்பத்துமூன்றில் பைபாஸ் நடந்தது. ஜாவிதுக்கு இருபத்தெட்டு. டாக்டரிடம் போடா என்றால் “ஐ’ம் ஃபைன் உம்மா” என்று சொல்லிவிட்டு வீடியோ காலில் கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

கமருன்னிசா

* * *

எடிசன்
அக்டோபர் 4, 2025

லாத்தா,

ஒன்பது வீட்டுக்குப் போய் விசாரித்தாயா? நீ என்ன போலீஸா? அந்த ஒன்பது பேரில் யாரோ ஒருவர் எங்கள் ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கிறார். நேற்று டைரக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கேட்டியில் ஒரு பெண் வீடு வீடாகப் போய்க் குடும்ப எண் கேட்கிறாளாமே, யாரென்று தெரியுமா என்றார். தெரியாது என்றேன். கூடப் பிறந்தவளைத் தெரியாது என்று சொல்ல வைத்துவிட்டாய்.

யார் உன்னைத் தூண்டிவிடுகிறார்கள்? நாகமணி அக்கா வக்கீல் பார்க்கிறார்களா? உண்மையைச் சொல்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. ஏற்ற ஆறு மாதம் ஆகும் என்று மேலே இருப்பவர்கள் கடைசிப் பெயரை வைத்துச் சேர்த்துவிடச் சொன்னார்கள். அந்த முடிவு நான் எடுத்தது இல்லை. என் கைக்கு வந்தது முடிந்துபோன அட்டவணை. அதை வைத்து எழுதினேன். கட்டுரையில் என் பெயர் முதலில் இருந்தது. தப்பு இருக்கிறது என்று உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அல்லாஹ் மேல் ஆணையாகச் சொல்ல வேண்டுமா?

இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். என் கிரீன் கார்டு விண்ணப்பம் முழுக்க அந்த ஒரு கட்டுரையின் மேல்தான் நிற்கிறது. எழுநூறு மேற்கோள், அதை உபயோகிக்கும் கிளினிக்குகளின் பட்டியல், இவனால் நாட்டுக்கு நன்மை என்று ஐந்து பேராசிரியர்கள் கொடுத்த கடிதம். மலீஹாவுக்கு மார்ச் பதினெட்டாம் தேதி இருபத்தொன்று முடிகிறது. அதற்குள் கார்டு வராவிட்டால் அவள் என் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடுவாள். மூன்று வயதில் வந்த பெண். இந்தியாவில் அவளுக்கு ஒரு தெரு பெயர்கூடத் தெரியாது.

திருத்த வேண்டியதுதான். நான் மறுக்கவில்லை. மார்ச் வரைக்கும் வாயை மூடிக்கொண்டிரு. அவ்வளவுதான் கேட்கிறேன். அதற்குப் பிறகு நானே எழுதுகிறேன்.

இர்ஃபான்

* * *

கேட்டி
அக்டோபர் 17, 2025

தம்பி,

என்னை யாரும் தூண்டவில்லை. நாகமணிக்கு வக்கீல் பார்க்க நேரம் எங்கே? காலையில் பிள்ளைக்கு மாத்திரை, மத்தியானம் உப்பில்லாத சமையல், சாயங்காலம் தெருக்கோடி வரை அவனை நடக்க வைப்பது. இதுதான் அவள் பிழைப்பு இப்போது.

மலீஹாவைச் சொல்லிவிட்டாய். மச்சானிடம் கடிதத்தைக் காட்டினேன். “பொண்ணு லைஃப் இது, கமரு. அஞ்சு மாசம்தான, பொறு” என்றார். நாகமணி வீட்டைத் தாண்டும்போது நான் கார் ஓட்டுகிற வேகமே மாறிவிட்டது. கண்ணில் பட்டால் என்ன பேசுவதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

மார்ச் வரை பொறுக்கிறேன். இப்போதுதான் தெரியும் என்று நீ சொன்னதை நம்பித்தான் பொறுக்கிறேன், அதை நினைவில் வை. ஆணையிட வேண்டுமா என்று கேட்டாய். வேண்டாம். தம்பி சொன்னால் போதும்.

அடுத்த வாரம் ஜாவிதைப் பார்க்க மில்பிடாஸ் போகிறேன். அவனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்காமல் திரும்ப மாட்டேன்.

லாத்தா

* * *

மில்பிடாஸ், கலிபோர்னியா
அக்டோபர் 29, 2025

இர்ஃபான்,

ஜாவிதின் அபார்ட்மெண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவன் ஆபீஸ் போயிருக்கிறான்.

அவன் குளியலறை அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது ஒரு மாத்திரை டப்பா கிடைத்தது. கொழுப்புக்குப் போடுகிற மாத்திரை, மச்சான் போடுவது போலவே. கையில் பிடித்துக்கொண்டு எதிரில் போய் நின்றேன். முதலில் வைட்டமின் என்றான். அப்புறம் சொன்னான்.

“மாமாதான் ஃபோன் பண்ணாங்க உம்மா. ஸ்கோர் லோவா வந்தாலும் நம்பாத, எப்படியாவது ஸ்கேன் எடுத்துடு, உம்மாகிட்ட மட்டும் சொல்லாதன்னாங்க.”

எப்போது என்று கேட்டேன். போனில் தேடிக் காட்டினான். ஏப்ரல் 2023. ஸ்கேனில் அடைப்பு ஆரம்பித்திருந்ததாம். அன்றிலிருந்து மாத்திரை போடுகிறான், ஓடுகிறான், இப்போது நன்றாக இருக்கிறான்.

இர்ஃபான், நீ என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறாய். அந்த டப்பாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதேன். உனக்காக துஆ கேட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் மனுஷி இல்லை.

அழுது முடித்த பிறகு தேதியை நினைத்தேன்.

2023 ஏப்ரலில் உனக்குத் தெரியும். இரண்டரை வருடம். என் கடிதத்தைப் பார்த்துத்தான் உறைத்தது என்று எழுதினாய், ஆணையிடக்கூட வாயெடுத்தாய். அந்த இரண்டரை வருடமும் நீ மேடை மேடையாக அந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசினாய். விருது வாங்கிய போட்டோவைக் குடும்பக் குழுவில் போட்டாய், நானும் மாஷா அல்லாஹ் என்று எழுதினேன். இளமாறன் டாக்டரிடம் கெஞ்சிவிட்டு வெறுங்கையோடு திரும்பியது இந்த மே மாதம். அவனுக்கு நீ மாமா இல்லை. அதனால் அவனுக்குப் போன் வரவில்லை. அவ்வளவுதானே?

மார்ச் வரை பொறுப்பேன் என்று சொன்னேன். அந்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அதை நீ பொய் சொல்லி வாங்கினாய். மலீஹாவை எனக்கும் பிடிக்கும். தூங்கி எழுந்தால் அவள் முகம்தான் வருகிறது. ஆனால் இன்னும் எத்தனை ஊரில் எத்தனை பிள்ளைகள் அந்த ஸ்கோரைக் காட்டி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் என்னைக் கொல்கிறது.

நவம்பர் முடிவதற்குள் நீ எழுது. இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு நான் எழுதுவேன், இருநூற்றுப் பன்னிரண்டு படிவத்தின் இரண்டாம் பக்கத்தோடு. எழுதிவிட்டேன் என்று சொல்லி ஒரு வரி அனுப்பாதே. நகல் வேண்டும். உன் வார்த்தையை இனி நான் நம்பப்போவதில்லை.

மலீஹாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அது உன் வேலை.

கமருன்னிசா

* * *

எடிசன்
நவம்பர் 23, 2025

லாத்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். நான்கிலும் எனக்காகவே வாதாடியிருந்தேன்.

நடந்தது இதுதான். 2023 மார்ச்சில் அடுத்த ஆய்வுக்காகப் பழைய பட்டியலைத் திறந்தேன். என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர் இருந்தது. மச்சானைத் தேடினேன், வேறு எங்கோ இருந்தார். ஜாவித் தனியாகக் கிடந்தான். இரண்டாம் பக்கங்களை வரவழைத்து, தமிழ்ப் பெயர்களாக முந்நூறு குடும்பங்களை நானே கையால் சேர்த்துப் பார்த்தேன். அப்பாவுக்குச் சின்ன வயதில் வந்திருந்தால் பிள்ளைக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேலே போனது. டைரக்டரிடம் கொண்டுபோனேன். அடுத்த கட்டுரையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது, அதனால் தலையாட்டினேன். வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று ஜாவிதுக்குப் போன் பண்ணினேன். அடுத்த கட்டுரை எழுதவே இல்லை.

இளமாறனைப் பற்றிக் கேட்டாய். அந்த முந்நூறில் அவனும் இருந்தான் லாத்தா. கருப்பசாமி பெயரையும் அவன் பெயரையும் சேர்த்து ஒரே எண் போட்டது நான்தான். அக்கா கொடுத்த காரச்சேவு அப்போது என் மேஜையில் இருந்திருக்கும். போன் பண்ணத் தோன்றவில்லை.

பத்திரிகைக்கும், இன்ஸ்டிட்யூட்டுக்கும், என் கிரீன் கார்டு வக்கீலுக்கும் எழுதிவிட்டேன். நகல் இதோடு இருக்கிறது. அதில் ஓர் இடத்தில் பேனாவால் அடித்துத் திருத்தியிருக்கும். அது என் கையெழுத்து இல்லை.

அனுப்புவதற்கு முன்னால் மலீஹாவை உட்கார வைத்துச் சொன்னேன். கார்டைப் பற்றியும் சொன்னேன். அவள் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். எப்போதும் போல இங்கிலீஷில்தான் கேட்டாள், ஜாவிதுக்கு நீங்கள் போன் பண்ணியது எந்த வருடம் என்று. அவன் அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது. கடிதத்தில் ‘இந்தத் தவறு செப்டம்பர் 2025இல் என் கவனத்துக்கு வந்தது’ என்றுதான் அப்போதும் எழுதியிருந்தேன், லாத்தா. உன்னிடம் பிடிபட்ட பிறகும்.

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, அந்த மாதத்தையும் வருடத்தையும் அடித்துவிட்டு, மேலே மார்ச் 2023 என்று எழுதினாள். பிறகு கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

இர்ஃபான்